நவம்பர் 7 யாருடைய நாள்?



போன கிழமை அக்காவின் மகள் டாப்லெட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். பாடசாலையில் ஒரு போஸ்டர் செய்யவேண்டுமாம். தலைப்பு: "என் பிறந்தநாளில் உலகத்தில் நடந்தவை." அவள் பிறந்தது நவம்பர் 7. கூகிளில் தட்டிப் பார்த்துவிட்டாள். பாடகி லோர்ட், டி.ஜே. டேவிட் கெட்டா, நம்முடைய கமல்ஹாசன் என்று ஒரு பட்டியல் வந்தது. "இவ்வளவுதான் மாமா, இதை அப்படியே ஒட்டட்டா?" என்றாள்.

அவளை இருத்தி, அன்று இரவு சமையலறை மேசையில் இருவரும் ஒரு பட்டியல் எழுதினோம். அது போஸ்டரில் அடங்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்தக் கதையில் எண்பத்தேழு வயதை எட்டும் ஒருவரும் இருக்கிறார். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பகலில் கணக்கர், இரவில் விஞ்ஞானி

பட்டியலில் முதல் ஆள் சி.வி. ராமன். 1888 நவம்பர் 7 அன்று, திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள திருவானைக்காவலில் பிறந்தவர். விஞ்ஞானத்தில் நோபல் பரிசு வாங்கிய முதல் ஆசியர், 1930 இல். இது பாடப் புத்தகத்தில் இருக்கும். எனக்குப் பிடித்த பகுதி வேறு.

சென்னை பிரசிடென்சி கல்லூரியில் எம்.ஏ. முடித்தபோது அவருக்கு வயது பதினெட்டு. விஞ்ஞானம் படித்தால் சோறு போடுமா என்ற கேள்வி அன்றும் இருந்தது. நம்முடைய அம்மா அப்பாமார் கண்டுபிடித்த கேள்வி என்று நினைக்காதீர்கள். ராமன் பரீட்சை எழுதி, அரசாங்க நிதித் துறையில் அதிகாரியாகி, 1907 இல் கல்கத்தாவுக்குப் போனார். பகல் முழுக்க கணக்கு வழக்கு. வேலை முடிந்ததும் பௌபஜார் தெருவில் இருந்த ஒரு ஆய்வுக் கழகத்துக்கு நடந்து போய், இரவு வரை வீணையும் வயலினும் எப்படி ஒலிக்கின்றன என்று ஆராய்ச்சி. இப்படிப் பத்து வருடம். 1917 இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தபோது, கூடிய சம்பளம் தந்த அரசாங்க வேலையை விட்டுவிட்டு அதற்குப் போனார்.

1921 இல் இங்கிலாந்து போய்த் திரும்பும் கப்பலில், மத்தியதரைக் கடல் ஏன் இவ்வளவு நீலம் என்று யோசித்தார். வானத்தின் நீலம் கடலில் தெரிகிறது என்பது அப்போதைய விளக்கம். அவர் அதை ஏற்கவில்லை. கப்பல் தளத்திலேயே கையிலிருந்த சிறு கருவியால் பார்த்தார். தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டார். அந்தக் கேள்வியைத் துரத்தித் துரத்தித்தான் 1928 பெப்ரவரி 28 அன்று ராமன் விளைவுக்கு வந்து சேர்ந்தார். அவருடன் நின்று அந்தச் சோதனைகளைச் செய்தவர் கே.எஸ். கிருஷ்ணன். அவரும் தமிழர்தான். பரிசு ராமனுக்கு மட்டும் போனது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கமல்ஹாசன் 1954 இல் பரமக்குடியில் பிறந்தார். 1960 இல் "களத்தூர் கண்ணம்மா" வெளிவந்தபோது ஆறு வயதுகூட ஆகவில்லை. அவரைப் பற்றி உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். இரண்டு மணித்தியாலம் சொல்லுவார். நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

வரைபடத்தில் இல்லாத நாட்டின் பெயர்

1867 நவம்பர் 7 அன்று வார்சோவில் மேரி கியூரி பிறந்தார். அப்போது போலந்து என்று ஒரு நாடு உலக வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஒஸ்திரியா மூன்றும் அதைப் பங்கு போட்டிருந்தன. வார்சோ ரஷ்யப் பேரரசின் கையில் இருந்தது. பெண்களுக்கு அங்கே பல்கலைக்கழகம் கிடையாது. அதிகாரிகளுக்குத் தெரியாமல் வீடு வீடாக இடம் மாற்றி நடந்த ஒரு இரகசியப் பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய அக்காவும் படித்தார்கள். 1891 இல் பாரிஸுக்குப் போனார். அவரும் புலம்பெயர்ந்த பிள்ளைதான்.

1898 இல் அவரும் கணவர் பியேரும் ஒரு புது மூலகத்தைக் கண்டுபிடித்தபோது அதற்குப் "பொலோனியம்" என்று பெயர் வைத்தார்கள். இல்லாத நாட்டின் பெயரை மூலகங்களின் அட்டவணையில் எழுதிவிட்டார்கள். அதை இனி எந்தப் பேரரசும் அழிக்க முடியாது. இதை அக்காவின் மகளுக்குச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்களும் அப்படி ஒண்டு செய்யலாமா?" என்று கேட்டாள். முதலில் கெமிஸ்ட்ரி படி என்றேன்.

1903 இல் பௌதிகத்துக்கு நோபல், 1911 இல் இரசாயனத்துக்கு நோபல். அவர் கண்ட ரேடியம்தான் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை செய்யும் வழியைத் திறந்தது. அதனால்தான் 2014 முதல் இந்தியாவில் நவம்பர் 7 தேசிய புற்றுநோய் விழிப்புணர்வு நாள். அதே கதிர்வீச்சுதான் அவருடைய எலும்பு மச்சையையும் கெடுத்தது. 1934 இல் அந்த நோயிலேயே இறந்தார்.

ஏழா, பதினேழா?

அடுத்தவர் லீசே மைட்னர். 1878 இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய எல்லாப் பத்திரங்களிலும் பிறந்த திகதி நவம்பர் 7. ஆனால் வியன்னா யூத சமூகத்தின் பிறப்புப் பதிவேட்டில் நவம்பர் 17 என்று இருக்கிறது. ஏன் என்பதற்கு உறுதியான பதில் இல்லை. அவர் வாழ்நாள் முழுக்கக் கொண்டாடியது ஏழாம் திகதியைத்தான்.

1907 இல் பேர்லினுக்குப் போனபோது அந்த ஆய்வு நிலையத்துக்குள் பெண்கள் வரக்கூடாது. நிலவறையில் இருந்த ஒரு தச்சுப் பட்டறையில் வேலை செய்ய மட்டும் விட்டார்கள். அங்கே தொடங்கி முப்பது வருடம் ஒட்டோ ஹானுடன் சேர்ந்து ஆராய்ச்சி செய்தார். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கியதும் அவருடைய ஒஸ்திரிய பாஸ்போட் செல்லாத கடதாசி ஆனது. ஜூலையில், ஐம்பத்தொன்பது வயதில், பத்து மார்க் பணத்துடன் ஒல்லாந்து எல்லையைக் கடந்தார். எல்லைக் காவலருக்குக் கொடுக்க நேர்ந்தால் உதவும் என்று ஹான் தன் தாயின் வைர மோதிரத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். செல்லாத பாஸ்போட், எல்லை, கைக்குள் ஒரு மோதிரம். இந்தக் கதையை நம் வீடுகளில் எத்தனை பேர் வேறு ஊர்ப் பெயர்களோடு கேட்டிருப்போம்!

அந்த வருடக் கடைசியில் பேர்லினிலிருந்து ஹான் கடிதம் எழுதினார். யுரேனியத்தை நியூத்திரனால் அடித்தால் பேரியம் வருகிறது, என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை என்று. சுவீடனில் பனிக்குள் நடந்துகொண்டே மைட்னரும் அவருடைய அக்காவின் மகன் ஒட்டோ பிரிஷும் அதற்கு விடை கண்டார்கள். கரு இரண்டாகப் பிளக்கிறது! எவ்வளவு சக்தி வெளிவரும் என்று அந்த நடையிலேயே கணக்குப் போட்டார்கள்.

1944 ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசு இதற்காக ஹானுக்கு மட்டும் கிடைத்தது. மைட்னரின் பெயர் நாற்பது தடவைக்கு மேல் பரிந்துரைக்கப்பட்டும் ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. அணுகுண்டுத் திட்டத்துக்கு வரச் சொல்லி அழைத்தபோது வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இன்று 109 ஆவது மூலகத்தின் பெயர் மைட்னேரியம்.

ஒக்டோபர் புரட்சி ஏன் நவம்பரில் வந்தது?

1917 நவம்பர் 7 அன்று ரஷ்யாவில் லெனினின் போல்ஷெவிக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அதை "ஒக்டோபர் புரட்சி" என்கிறோம். நான் சின்னவனாக இருந்தபோது இது புத்தகத்தில் வந்த பிழை என்றே நினைத்தேன்.

ரஷ்யா அப்போது ஜூலியஸ் சீசர் காலத்து நாட்காட்டியைப் பாவித்தது. அந்த நாட்காட்டி நான்கு வருடத்துக்கு ஒரு லீப் வருடம் என்று கண்ணை மூடிக்கொண்டு கூட்டும். உண்மையில் ஒரு வருடம் 365.25 நாளை விடப் பதினொரு நிமிடம் குறைவு. பதினொரு நிமிடம் பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். ஏறக்குறைய 1250 வருடத்தில் அது பத்து நாளாகிவிட்டது. 1582 இல் பாப்பரசர் கிரெகரி அதைத் திருத்தினார். நூற்றாண்டு வருடங்களில் 400 ஆல் பிரிபடுவது மட்டுமே லீப் வருடம் என்றார். அந்த வருடம் ஒக்டோபர் 4 இல் படுத்தவர்கள் ஒக்டோபர் 15 இல் எழும்பினார்கள். பிரித்தானியா 1752 வரை மாறவில்லை. ரஷ்யா 1918 வரை மாறவில்லை. அங்கே ஜனவரி 31 க்கு அடுத்த நாள் பெப்ரவரி 14.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. புரட்சியின் தலைவர்களில் ஒருவரான ட்ரொட்ஸ்கி பிறந்தது 1879 இல், பழைய நாட்காட்டியில் ஒக்டோபர் 26. புரட்சி நடந்தது 1917 இல், பழைய நாட்காட்டியில் ஒக்டோபர் 25. இரண்டு வேறு நாட்கள். புது நாட்காட்டிக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டுமே நவம்பர் 7! காரணம், 1900 ஆம் ஆண்டு பழைய நாட்காட்டியில் லீப் வருடம், புதியதில் இல்லை. அதனால் 1800களில் 12 நாளாக இருந்த இடைவெளி 1900களில் 13 ஆகிவிட்டது. ட்ரொட்ஸ்கியின் பிறந்தநாளில் புரட்சி நடந்ததா என்று கேட்டால், எந்த நாட்காட்டி என்று திருப்பிக் கேட்கவேண்டும்.

படத்தில் இருப்பவர்கள், இல்லாதவர்கள்

நான் வளர்ந்தது ஸ்கார்பரோவில். கனடாப் பிள்ளைகள் எல்லோரும் சமூகக் கல்விப் புத்தகத்தில் ஒரு படத்தைப் பார்த்திருப்பார்கள். மலைகளுக்கு நடுவே தண்டவாளம். கோட்டும் தொப்பியும் போட்ட ஆட்கள் கூட்டமாக நிற்கிறார்கள். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் குனிந்து சுத்தியலால் ஆணி அடிக்கிறார். கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதையின் கடைசி ஆணி அது. இடம் பிரித்தானிய கொலம்பியாவில் கிரெய்கெல்லாக்கி. நாள் 1885 நவம்பர் 7.

ஆணி அடிப்பவர் டொனால்ட் ஸ்மித், ரயில் கம்பனியின் பங்காளி. முதல் ஆணியை வளைத்துவிட்டார். இன்னொன்றைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். அவருக்குப் பின்னால் உயரமாக, நீண்ட தாடியோடு நிற்பவர் சான்ட்போர்ட் பிளெமிங். உலகத்தை நேர வலயங்களாகப் பிரிக்கவேண்டும் என்று பாடுபட்டவர் அவர். 1876 இல் அயர்லாந்தில் அட்டவணையில் முற்பகல், பிற்பகல் மாறி அச்சானதால் ரயிலைத் தவறவிட்டாராம். அதிலிருந்து பிடித்த பைத்தியம். அதற்கு முன் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு நேரம். ரயில் வந்த பிறகு அப்படி ஓட முடியாது. 1883 இல் வட அமெரிக்க ரயில் கம்பனிகள் பொது நேரத்துக்கு மாறின. 1884 இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீனிச்சைத் தொடக்கக் கோடாக ஏற்றது. இன்று உங்கள் கைபேசி ரொறன்ரோவுக்கு ஒரு நேரமும் யாழ்ப்பாணத்துக்கு ஒரு நேரமும் காட்டுகிறதே, அந்த ஆள் இந்தப் படத்தில் நிற்கிறார்.

நிற்காதவர்கள் யார்? அந்த மலைப் பகுதியில் பாதை போட்டவர்களில் ஏறக்குறைய 15,000 பேர் சீனத் தொழிலாளர்கள். ஒரு நாள் கூலி ஏறக்குறைய ஒரு டொலர், வெள்ளைத் தொழிலாளர்களை விடக் குறைவு. பாறைக்கு வெடி வைக்கும் ஆபத்தான வேலை அவர்களுக்கு. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அந்தப் பெயர்போன படத்தில் ஒரு சீன முகம்கூட இல்லை. அதே 1885 இல், பாதை முடிந்த கையோடு, கனடாவுக்குள் வரும் ஒவ்வொரு சீனரும் 50 டொலர் தலைவரி கட்டவேண்டும் என்று சட்டம் வந்தது. 1903 இல் அது 500 டொலர். 1923 இல் கதவையே ஏறக்குறைய முழுதாக மூடினார்கள். கனடா அரசு மன்னிப்புக் கேட்டது 2006 இல்.

அக்காவின் மகளின் வகுப்பில் அவளுடைய நெருங்கிய தோழி ஒரு சீனப் பிள்ளை. "அப்ப போஸ்டரில இந்தப் படத்தை ஒட்டவா, விடவா?" என்று கேட்டாள். ஒட்டு, பக்கத்தில் ஒரு வெறும் சட்டமும் வரை என்றேன். வரைந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. கீழே "15,000" என்று மட்டும் எழுதினாள்.

நாலு மாதத்தில் விழுந்த பாலம்

நான் பொறியியல் படித்தவன். இதைச் சொல்லாமல் விட முடியாது. 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் டகோமா நரோஸ் தொங்கு பாலம் காற்றில் முறுகி உடைந்து விழுந்தது. திறந்து நாலு மாதம்தான். மணிக்கு ஏறக்குறைய 64 கிலோமீற்றர் காற்று, புயல்கூட இல்லை. நீளத்துக்கு மிக ஒல்லியாக, அழகாக இருக்கட்டும் என்று கட்டினார்கள். வீடியோ இருக்கிறது, பாருங்கள். கொங்கிறீற்றும் இரும்பும் துணிக் கொடி மாதிரி ஆடும். மனிதர் யாரும் சாகவில்லை. ஒரு காருக்குள் அகப்பட்ட நாய் மட்டும் போய்விட்டது.

ஊஞ்சலைத் தாளத்துக்குத் தள்ளினால் உயரப் போவது மாதிரி ஒத்ததிர்வால் விழுந்தது என்று எனக்குப் பாடசாலையில் சொன்னார்கள். அது சரியான விளக்கம் இல்லை. காற்று தாளம் போட்டுத் தள்ளவில்லை, சீராகத்தான் வீசியது. பாலம் முறுகத் தொடங்கியதும், அந்த முறுகலே காற்றிலிருந்து இன்னும் சக்தியை உறிஞ்சிக்கொண்டது. ஆட ஆட ஆட்டம் கூடியது. இதைப் படித்த பிறகுதான் உலகம் முழுக்கப் பாலங்களின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் வேரூன்றியது.

ரொறன்ரோவில் 7, துளசேந்திரபுரத்தில் 8

2020 நவம்பர் 7, சனிக்கிழமை. அமெரிக்கத் தேர்தல் எண்ணி எண்ணி நாலு நாள் இழுத்து, அன்று பகல்தான் பைடன் வென்றதாகத் தொலைக்காட்சிகள் அறிவித்தன. கமலா ஹாரிஸ் துணை ஜனாதிபதியாகத் தெரிவானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அவருடைய தாய் சியாமளா கோபாலன் பத்தொன்பது வயதில் இந்தியாவிலிருந்து தனியாகக் கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போன தமிழ்ப் பெண். மார்பகப் புற்றுநோயை ஆராய்ந்த விஞ்ஞானி. 2009 இல் அவர் இறந்ததும் புற்றுநோயால்தான். மேரி கியூரியின் பிறந்தநாளில், புற்றுநோய் விழிப்புணர்வு நாளில், அவருடைய மகள் மேடையேறித் தாயின் பெயரைச் சொன்னார். யாரும் திட்டமிட்டது இல்லை, நாட்காட்டி சில நேரம் இப்படிச் செய்யும்.

கமலாவின் தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். அங்கே கோலம் போட்டு, வெடி கொளுத்திக் கொண்டாடினார்கள். ஆனால் அவர் இங்கே இரவில் பேசியபோது அங்கே பொழுது விடிந்துவிட்டது. நமக்கு 7 ஆம் திகதிப் பேச்சு, அந்த ஊருக்கு 8 ஆம் திகதிப் பேச்சு. பிளெமிங் செய்த வேலை.

கமலாவின் அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். அதே திகதியில் 1916 இல் ஜெனெட் ராங்கின் அமெரிக்க காங்கிரசுக்குத் தெரிவான முதல் பெண்ணானார். அப்போது அந்த நாட்டின் பல மாநிலங்களில் பெண்களுக்கு வாக்குரிமையே இல்லை. முதல் ஆளுக்கும் அடுத்த படிக்கும் இடையில் 104 வருடம்.

ஜனவரி 1 இல் பிறந்தவர்கள்

இப்போது நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய நிறுவனத்தின் பழைய தரவுகளைப் புதுக் கணினி அமைப்புக்கு மாற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. பிறந்த திகதிகளைப் பார்த்தபோது ஜனவரி 1 அளவுக்கு அதிகமாக இருந்தது. யாரோ சோம்பேறித்தனமாக நிரப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, ஜனவரி 1 வந்தால் "சந்தேகத்துக்குரியது" என்று ஒதுக்கும் விதி ஒன்றை எழுதினேன். கெட்டித்தனம் என்று பாராட்டும் கிடைத்தது. ஒதுங்கிய பெயர்களை ஒரு நாள் சும்மா வாசித்துப் பார்த்தேன். சோமாலியப் பெயர்கள், ஆப்கான் பெயர்கள், வியட்நாம் பெயர்கள். நடுவில் நம் பெயர்களும். அன்றுதான் உறைத்தது. என் அம்மம்மாவின் பாஸ்போட்டிலும் ஜனவரி 1. என்னுடைய விதி என் அம்மம்மாவைப் பிழை என்று சொல்லியிருக்கும்.

அம்மம்மா கோண்டாவிலில் பிறந்தவர். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததே, அந்தக் கூட்டத்தில் அவரும் நடந்தார். பிறப்புச் சான்றிதழ் இருந்த தகரப் பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு கொழும்பில் கனடா வரப் பத்திரம் நிரப்பியபோது திகதி கேட்டார்கள். அம்மம்மா சொன்னதை எழுத அந்தக் கட்டத்தில் இடம் இல்லை. நிரப்பிக் கொடுத்தவர் 1938 ஜனவரி 1 என்று எழுதினார். அவ்வளவுதான். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக, உலகம் புதுவருடம் கொண்டாடும் நாளில் வங்கியிலிருந்தும் மருந்துக் கடையிலிருந்தும் அம்மம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வருகிறது.

அன்று இரவு மேசையில் நாங்கள் பட்டியல் எழுதும்போது அம்மம்மா பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அக்காவின் மகள் கேட்டாள்: "பூட்டி, உங்கட உண்மையான பேர்த்டே எப்ப?"

"ஆருக்குப் பிள்ளை தெரியும்? வெகுதானிய வருசம், ஐப்பசி மாசம். பரணி. திங்கட்கிழமை விடியப்புறம், கிரகணம் பிடிச்ச நேரம். பெத்த அறையின்ர ஜன்னலையெல்லாம் பாயால மூடினவையாம். ஆச்சி சொல்லுவா."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இவ்வளவு காலமும் இதைக் காதால் கேட்டிருக்கிறேன், திகதியாகக் கேட்கவில்லை. வருடம், மாதம், கிழமை, நட்சத்திரம், கிரகணம். இது திகதி தெரியாத ஒருவர் சொன்ன பதிலா? ஐந்து பூட்டுப் போட்ட திகதி!

கிரகண அட்டவணைகள் இணையத்தில் இருக்கின்றன, ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு. வெகுதானிய வருடம் 1938 ஏப்ரலில் தொடங்கியது. அந்த ஐப்பசியில் ஒரு முழுச் சந்திர கிரகணம் இருந்தது. இலங்கை நேரப்படி விடியற்காலை நான்கு மணியளவில் உச்சம். சந்திரன் நின்ற இடம் பரணி. எல்லாம் பொருந்தியது. ஆங்கிலத் திகதி மட்டும் இரண்டாக நின்றது. நவம்பர் 7 இரவு தொடங்கி 8 விடியற்காலை.

நடுச்சாமத்தில் நாள் மாறும் என்றால் அம்மம்மா பிறந்தது 8, செவ்வாய்க்கிழமை. ஆனால் நம்முடைய கணக்கில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். விடியுமட்டும் திங்கட்கிழமைதான். ஆச்சி சொன்னதும் திங்கட்கிழமை. 1938 நவம்பர் 7 திங்கட்கிழமை. ஆச்சிக்குப் பிழைக்கவில்லை.

அக்காவின் மகள் கத்திய கத்தில் மாடியிலிருந்து அக்கா ஓடி வந்தார். "பூட்டி, நீங்களும் நானும் ஒரே நாள்!" அம்மம்மா சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்ப அந்த ஜனவரி ஒண்டு ஆற்ற பிறந்தநாள்?" என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

பாஸ்போட்டை மாற்றப் போவதில்லை. அதற்குக் கேட்கும் அத்தாட்சி அந்தத் தகரப் பெட்டியோடு போய்விட்டது. நான் எழுதிய அந்த விதியை, பெயர்களை வாசித்த அடுத்த நாளே மேலாளரிடம் சொல்லி நீக்கிவிட்டேன். ஏன் என்று கேட்டார். என் அம்மம்மாவின் பிறந்தநாள் அது என்றேன். கடதாசிக்கு அது உண்மைதானே.

போஸ்டர் முடிந்துவிட்டது. ராமன், கியூரி, மைட்னர், ஒரு பாலம், ஒரு ரயில் பாதை, ஒரு வெறும் சட்டம். வலது மூலையில் அம்மம்மாவின் சின்னப் படம். கீழே தமிழில், கொஞ்சம் கோணலாக: "வெகுதானிய ஐப்பசி, பரணி, கிரகணம்." ஆசிரியை விளக்கம் கேட்டால் சொல்ல அவள் தயாராக இருக்கிறாள்.

நீங்கள் எந்த நாளில் பிறந்தவர்களாக இருந்தாலும், கூகிளில் தட்டுவதற்கு முன் வீட்டில் இருக்கும் வயது போனவரிடம் ஒரு முறை கேளுங்கள். "திகதி தெரியாது" என்றுதான் முதலில் சொல்லுவார்கள். அதோடு எழும்பிப் போகாதீர்கள். அடுத்து அவர்கள் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதி வையுங்கள்.

இந்த நவம்பர் 7 எங்கள் வீட்டில் ஒரு கேக், இரண்டு பெயர். மெழுகுதிரி எத்தனை என்பதில் மட்டும் இன்னும் சண்டை முடியவில்லை.